என் பெயரில் மூன்று சிவப்பு விளக்குகள்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் நம்பர் லாரிக்கு முன் டயர் இரண்டும் மாற்றியாயிற்று. பத்து நாள் ஓட்டத்துக்குப் பிறகு இன்றுதான் வீடு. குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் பாப்பா வந்து, "அப்பா, எப்ப கிளம்புறீங்க?" என்கிறாள். வந்தவனிடம் முதல் கேள்வியே அதுதான். பதினோரு வயதுப் பிள்ளை, அவளைச் சொல்லி என்ன. விருந்தாளியிடம் வேறென்ன கேட்பார்கள்?

வியாழக்கிழமை எண்ணெய் டிப்போவில் நேர்முகம். டேங்கர் வேலை. காலை ஆறுக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருக்கலாம். இந்த வேலைக்கு எத்தனை வருடமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறேன்! அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உரிம அலுவலகத்தில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பாதுகாப்புப் பதிவு இருக்கிறது. அதில் கடைசி ஐந்து வருடத்தில் ஒரு புள்ளிகூட விழுந்திருக்கக் கூடாது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் மூன்று புள்ளி, வேகத்துக்கு இரண்டு, பெல்ட் போடாவிட்டால் ஒன்று. பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸே போச்சு.

எனக்குப் பத்தொன்பது வருடமாகப் பூஜ்யம். ஷெட்டில் என்னைப் 'புது மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு பவ்யமாக ஓட்டுகிறேனாம். கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 6, வியாழன்

ஒன்பது புள்ளி. என் பெயரில்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர். டீ எல்லாம் வரவழைத்தார். "உங்களைப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னாங்களே" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் என் எண்ணைத் தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று வரி. மூன்றும் சிவப்பு விளக்கைத் தாண்டியது. மூன்றும் ஏழாம் வண்டி. ஒவ்வொன்றுக்கும் நேரே என் பெயரும், 'ஓட்டியது நான்தான்' என்று நான் ஒப்புக்கொண்ட தாளும்.

"சார், இது நான் இல்ல சார்."

"கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். கடைசியில் கீழே இழுத்துவிடும் கோடு உட்பட. பொய்க் கையெழுத்தாக இருந்திருந்தால் அங்கேயே தாம்தூம் என்று குதித்திருப்பேன். என் கையெழுத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்க் குதிப்பது?

மனிதர் வாசல் வரை வந்தார். "நீங்க இல்லேன்னா உரிம ஆபீஸ்ல ஆட்சேப மனு போடுங்க. ஏப்ரல் பத்து கடைசி நாள். முடிவு தெரியுற வரைக்கும் அந்த இடத்தை நான் யாருக்கும் குடுக்கல" என்றார். எவனோ ஒரு அந்நியன், இவ்வளவு செய்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நாட்குறிப்பை எடுத்துத் தேதிகளைத் தேடினேன். செப்டம்பர் 12: பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினோம், ஆஸ்பத்திரியையே கூட்டிவிட்டாள். நவம்பர் 21: காய்ச்சல், மூன்றாம் நாள், கஞ்சி. ஜனவரி 23: முதலாளியின் புது வண்டியை எடுத்துவர வேறு ஊரில் இருந்திருக்கிறேன். மூன்று நாளும் ஏழாம் வண்டியில் நான் ஏறவே இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே, "ஏதாவது தப்பா ஏறியிருக்கும், விடுங்க" என்றாள். விடுங்க! அந்த டிப்போ வேலைக்காக என்னைவிட அதிகம் பறந்தவள் அவள்.

மார்ச் 8, சனி

தாளில் என் கையெழுத்து எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, நான் போட்டதுதானே.

எங்கள் ஷெட்டில் மாதம் முதல் தேதி எல்லா டிரைவரும் ஒரு கட்டுத் தாளில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். எந்த வண்டி, எந்த நாள், எங்கே போனது எதுவும் இருக்காது. விடியற்காலையில் நாங்கள் கிளம்பும்போது கிளார்க் வந்திருக்க மாட்டார். அவர் வரும்வரை காத்திருந்தால் ஊருக்குள் லாரி நுழையக்கூடாத நேரம் வந்துவிடும், அரை நாள் பாழ். அதனால் கையெழுத்து முன்னால், விவரம் பின்னால். ஒன்பது வருடமாக இப்படித்தான். வெட்கக்கேடு என்னவென்றால், இந்த யோசனையைச் சொன்னதே நான்தான். அப்போது முதலாளி என் தோளைத் தட்டி, "மூளைக்காரன்யா நீ" என்றார். பெரிய மூளை.

கேமராவில் சிக்கும் வண்டிக்கு நோட்டீஸ் ஷெட்டுக்குத்தான் வரும். அன்று ஓட்டியவர் யார் என்று ஷெட்டிலிருந்து ஒரு தாள் அனுப்ப வேண்டும். அபராதத்தை முதலாளி கட்டிவிடுவார். புள்ளி மட்டும் டிரைவர் தலையில். அந்தத் தாளும் நான் கையெழுத்துப் போட்ட கட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் எந்தத் தாளைப் பார்த்தேன்? ஒரு கையில் டீ, ஒரு கையில் பேனா.

மார்ச் 10, திங்கள்

ஷெட்டு கிளார்க்கைப் பிடித்தேன். சட்டைப் பையில் பேனா கசிந்து எப்போதும் நீலக் கறை, அதனால் ஆளுக்கு மைக்கூடு என்று பெயர். எதைக் கேட்டாலும் "இருய்யா, எழுதிட்டிருக்கேன்" என்பார். இன்று நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"என் தலையில எதுக்குய்யா கட்டினே? இளிச்சவாயன்னு என் நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் பயந்த முகம் இல்லை. பாவப்படுகிற முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்றார். "உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நினைச்சேன்யா. என்னைக் கேட்காதே. உன் வீட்டுல போய்க் கேளு."

வீட்டிலா?

லாரி கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. என் விடுமுறை நாட்களில் ஏழாம் வண்டியை எடுப்பது ஒரே ஆள்தான். என் சகலை. மனைவியின் அக்கா புருஷன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், இந்த ஷெட்டில் என்னைச் சேர்த்துவிட்டவர். வழியில் எதிரும் புதிருமாக வந்தால் ஹார்னை மூன்று தடவை அடித்து, "என்ன சகலை, லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டிட்டியா?" என்று கத்துகிறவர். அவருக்கு ஏற்கெனவே எட்டுப் புள்ளி. இன்னும் இரண்டு சிவப்பு ஏறினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மனைவி பொய் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லணுமா?

"அக்கா வந்து அழுதாங்க. அவருக்கு லைசென்ஸ் போனா அந்தக் குடும்பம் என்ன ஆகும்? ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கிளார்க் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னாரு. நான்தான், நான் சொல்லிக்கறேன்னு சொன்னேன்."

"சொன்னியா?"

"சொல்லத்தான் நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் களைச்சுப் போய் வர்றீங்க, மறுநாளே கிளம்பிடுறீங்க. எப்ப சொல்றது?"

"மூணு தடவைடி! ஒரு தடவையா?"

"உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. அத்தனை வருஷமா காலியாத்தானே கிடந்துச்சு. ஒரு வருஷம் போனா தானா அழிஞ்சிடும்னாங்க."

காலியாக. நான் பத்தொன்பது வருடம் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, தாண்டிப் போகிறவன் திட்ட, பின்னால் வருகிறவன் திட்ட, காப்பாற்றி வைத்தது இவர்களுக்குக் காலி இடம். ஆளில்லாத வீட்டில் மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி இறக்கிவிட்டார்கள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். பாப்பா கதவோரம் நின்றிருந்தாள். அதற்கப்புறம்தான் நிறுத்தினேன்.

மார்ச் 12, புதன்

நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பாப்பா நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாளை சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன். போவது நல்லது.

மார்ச் 15, சனி

வழியில். ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது, இந்த விளக்கில் நின்றது யார் கணக்கில் ஏறப்போகிறதோ என்று தோன்றுகிறது. பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி.

ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? முதல் தடவை கொடுத்திருப்பேன். சத்தம் போட்டுவிட்டுக் கொடுத்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

திரும்பி வந்ததும் நேராக உரிம அலுவலகம். மூன்று மணி நேரம் வரிசை. முதல் இரண்டு நோட்டீசின் படங்களை நகல் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதாம், மனு போட்டால் விசாரணையில் காட்டுவார்களாம்.

வெளியே மரத்தடியில் நின்று பார்த்தேன். முதலில் ஆத்திரத்தோடுதான் பார்த்தேன். அப்புறம் டிரைவராகப் பார்த்தேன்.

பின்பக்கத்திலிருந்து எடுத்த படங்கள். மேலே விளக்கு சிவப்பு. ஏழாம் வண்டி கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு வரியில் நேரமும் வேகமும். மாலை 4.52, வேகம் 38. மாலை 4.40, வேகம் 37. வேண்டுமென்றே தாண்டுகிறவன் அழுத்துவான், ஐம்பது, ஐம்பத்தைந்தில் போவான். கணக்குத் தப்பித் தாண்டுகிறவன் கோட்டுக்கிட்டே வந்ததும் பிரேக்கை மிதிப்பான், பின் விளக்கு எரியும். இங்கே இரண்டும் இல்லை. பின் விளக்கு செத்துக் கிடக்கிறது. காலியான ரோட்டில் போகிற மாதிரி அதே முப்பத்தெட்டில் போகிறது வண்டி.

அந்த ஆள் விளக்கைப் பார்க்கவே இல்லை.

இரண்டு படத்திலும் நிழல் வண்டிக்குப் பின்னால் விழுகிறது. வெயில் நேரே முகத்தில்.

பார்க்கவில்லையா, பார்க்க முடியவில்லையா?

மார்ச் 23, ஞாயிறு

சகலை ஷெட்டில் தனியாக வண்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தார்.

"என்ன சகலை, என் மேல கோவமா?"

"அண்ணே, அதோ அந்தச் சுவரோரம் நிக்குற வண்டி நம்பரை வாசிங்க."

"எந்த வண்டி?"

சுவரோரம் வண்டியே இல்லை. தண்ணீர்ப் பீப்பாய்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், குழாயை மூடிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இடது கண்ணில் நரம்பு போய்விட்டதாம். வலது கண்ணில் புரை. "காலையில ஒரு மாதிரி சமாளிச்சிடுவேன். சாயங்காலம் வெயில் நேரா அடிச்சா எல்லாம் வெள்ளையா ஆயிடுதுடா. முன்னாடி போற வண்டியோட முதுகைப் பார்த்து ஓட்டுவேன். அவன் நின்னா நிப்பேன்." முன்னால் வண்டி இல்லாத நாட்கள்தான் அந்த மூன்று நாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கறதுதானே?"

"புரையை எடுத்துடலாம். நரம்பை? டாக்டர் சீட்டு உரிம ஆபீசுக்குப் போச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது. எனக்கு வேற என்ன தெரியும்? ஸ்டியரிங்கை விட்டா எனக்குக் கை எதுக்கு?"

"யார் யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரியும். உன் பொண்டாட்டிக்கும் தெரியும். சத்தியமா நான் சொல்லல, அவங்களா பேசிக்கிட்டாங்க."

ஆக, புள்ளியைத் தள்ளிவிட்டது மட்டும் இல்லை. கண் தெரியாத மனிதன் பதினாறு டன்னை ஊருக்குள் ஓட்டுகிறான் என்று தெரிந்தும் ஓட்டவிட்டிருக்கிறார்கள். பள்ளி விடுகிற நேரம் அது. அந்த ரோட்டில் பாப்பா நடந்து வருவாளே, அது அவள் அம்மாவுக்குத் தோன்றவில்லையா?

கத்த வந்தவன் கத்தவில்லை. அவர் கால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, நான் மனு போட்டா அது வேற மாதிரி ஆயிடும். நீங்களே போய்ச் சொல்லிடுங்க. லைசென்ஸை நீங்களே ஒப்படைச்சா மரியாதையா முடியும். ஒண்ணாந்தேதிக்குள்ள. இனிமே வண்டியைத் தொடாதீங்க" என்றேன்.

என் தலையில் ஈரக் கையை வைத்து, "சரிடா, போறேன்" என்றார். நம்பினேன். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இல்லை, நான் பார்க்காத பொய் எத்தனையோ, யார் கண்டது.

மார்ச் 25, செவ்வாய்

மனைவியிடம் கண் விஷயத்தைக் கேட்டேன். "தெரியும்" என்றாள். "மெதுவாத்தான் ஓட்டுவாரு, ஒண்ணும் ஆகாது" என்றாள். அப்புறம் தலையணை உறை தைப்பதை விட்டுவிட்டு அழுதாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. பதினான்கு வருடத்தில் அவள் அழும்போது நான் எழுந்து போகாதது இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 2, புதன்

காலை ஆறே காலுக்கு ஷெட்டு வாசலில் நின்றிருந்தேன். ஏழாம் வண்டி முழுச் சரக்கோடு வெளியே வந்தது. ஓட்டியது சகலை. என்னைத் தாண்டிப் போகும்போது ஹார்ன் அடிக்கவில்லை. பார்த்தும் அடிக்கவில்லையா, பார்க்கவே இல்லையா?

மைக்கூடு சொன்னார்: "நேத்து அவரே வந்து, என் சகலைகிட்ட பேசிட்டேன், எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னாரே."

மறுபடியும் என் பெயரைச் சொல்லியே.

முதலாளி அறைக்குப் போனேன். கண் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா?" என்றார். "உன் வீட்டுச் சண்டையை ஷெட்டுக்குள்ள கொண்டு வராதேப்பா" என்றார். டிரைவர் கிடைக்காத காலமாம்.

ஏப்ரல் 9, புதன்

மனு போட்டுவிட்டேன். பல் ஆஸ்பத்திரிச் சீட்டு, காய்ச்சலுக்கு வாங்கிய மருந்துச் சீட்டு, புது வண்டி எடுத்த ரசீது, எல்லாம் இணைத்தேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடும் பழக்கம் உண்டு என்று நானே எழுதினேன். மறைக்கலாம்தான். மறைத்தால் அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. கண்ணைப் பற்றியும் ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 10, வியாழன்

மனைவி: "அக்கா குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டீங்க. ஒரு வேலைக்காக."

வேலைக்காகத்தானா? முதலில் ஆமாம். மார்ச் ஆறாம் தேதி என் வயிறு எரிந்தது வேலைக்காகத்தான், அதை இங்கே எழுதி வைத்திருக்கிறேனே, மறைக்க முடியாது. பத்தொன்பதாம் தேதிக்கு அப்புறம் அப்படி இல்லை. இதை அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள். அவளை நான் நம்பாத மாதிரி.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணை முடிந்தது.

சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும், பேச்சில் அவசரமே இல்லை. நானும் சகலையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் நல்ல சட்டை போட்டு, முகம் மழித்து வந்திருந்தார்.

அதிகாரி முதல் இரண்டு படங்களைக் காட்டிவிட்டு மூன்றாவதைத் திறந்தார். ஜனவரி 23. அதில் ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு படம். முதலாவது மற்றவை மாதிரியேதான். இரண்டாவது வந்தது. எனக்கு மூச்சு உள்ளே போனது வெளியே வரவில்லை.

சாலையைக் கடக்கும் கோடுகளின் மேல் ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை. உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்கிறது. அவளுக்கும் ஏழாம் வண்டியின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்குமா? ஒரு செருப்பு மட்டும் கழன்று கோட்டின் மேல் கிடக்கிறது. பின் விளக்கு எரியவில்லை.

அதிகாரி ஒன்றும் விளக்கவில்லை. திரையை எங்கள் பக்கம் நன்றாகத் திருப்பி, "ரெண்டு பேரும் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தேங்க" என்றார் சகலை. நன்றாகத் தலையும் ஆட்டினார். அவர் முகம் திரைக்கு நேராக இல்லை, கொஞ்சம் தள்ளி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்திருந்தது. அதிகாரி அவரையே கவனித்தார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் மெதுவாக, "அன்னைக்கு வண்டி ஓட்டினது யாரு ஐயா?" என்றார்.

"நான்தாம்மா."

மூன்றுக்கும் அதே பதில். வாதம் பண்ணவில்லை, கெஞ்சவில்லை. அங்கேயே கண் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். லைசென்சை வாங்கிக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்து அதை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

வெளியே வந்து, "பஸ் ஏத்திவிடவா அண்ணே?" என்றேன். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் பஸ் எண்ணை விசாரித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் மனைவியிடம் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். செஞ்சதே போதும்." சரி. கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன்.

மே 20, செவ்வாய்

உரிம அலுவலகக் கடிதம். ஒன்பது புள்ளியும் நீக்கம். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, அது என் பதிவில் இருக்கும். அது என்னுடையதுதான், மறுப்பதற்கில்லை. முதலாளிக்குத் தனியாக நோட்டீஸ் போயிருக்கிறது. அவர் என்னை ஷெட்டுப் பக்கம் வரவேண்டாம் என்றுவிட்டார். மைக்கூடு மட்டும் கேட் வரை வந்து என் துண்டையும் தட்டையும் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு தாளையும் டிரைவர் முன்னாலேயே எழுதுகிறாராம், விரல் வலிக்கிறதாம்.

சகலைக்கு லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து.

டிப்போ மேனேஜர் எச்சரிக்கையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடுற ஆளை டேங்கர்ல எப்படிங்க ஏத்துறது?" என்றார். "இனிமே போடமாட்டேன் சார்" என்று சின்னப் பையன் மாதிரி சொன்னேன். மூன்று மாதம் சோதனை அடிப்படையில் எடுத்துக்கொள்கிறாராம்.

ஜூன் 16, திங்கள்

டேங்கரில் முதல் நாள். ஐந்தரைக்கு வீட்டில் இருந்தேன். பாப்பா பையைப் போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாளைக்கும் இதே நேரம் வருவீங்களா?" என்றாள். வருவேன் என்றேன். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாத கணக்கு. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி சாப்பாடு போட்டாள். வேண்டியதை மட்டும் பேசுகிறாள். அவள் வாரம் மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். நான் ஏன் என்று கேட்பதில்லை. இதைத்தானா இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? ஐந்தரை மணிக்கு வீடு. வந்துவிட்டேன், வீடுதான் இன்னும் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சகலையின் மூத்த மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு இன்று அவர்கள் வீட்டில் சாப்பாடு. மனைவிக்கும் பாப்பாவுக்கும் அழைப்பு. எனக்கு இல்லை. இருவரையும் பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டு, எதிரே பூட்டியிருந்த கடையின் நிழலில் நின்றேன். மனைவியின் அக்கா வாசலுக்கு வந்து அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என் பக்கம் பார்த்தார். பார்க்காத மாதிரி கதவைச் சாத்தினார்.

அரை மணி நேரம் கழித்து சகலை வெளியே வந்தார். கறுப்புக் கண்ணாடி. போன மாதம்தான் புரையை எடுத்திருக்கிறார்கள். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நின்று நின்று பார்த்தார். என்னிடம் வந்து பைக் சீட்டில் கையை வைத்துக்கொண்டார். இளைத்துவிட்டார்.

"சாப்பிட்டியா?"

"ம்."

பொய். அவருக்கும் தெரியும்.

அப்புறம் அவர்தான் ஆரம்பித்தார். "அன்னைக்கு ஆபீஸ்ல அந்தம்மா மூணாவது படத்தைக் காட்டினப்போ நீ மூச்சை இழுத்தே. எனக்குக் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல, சும்மா தலையை ஆட்டினேன். என்னடா இருந்துச்சு அதுல?"

பைக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுடா. மூணு மாசமா தூக்கம் இல்ல."

"ஒரு பொம்பளை. இடுப்புல கைக்குழந்தை. ரோட்டைக் கடந்துட்டிருந்தாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். கண் இன்னும் சிவந்திருந்தது. "பட்டுச்சா?"

"இல்லண்ணே. பின்னாடி நகர்ந்துட்டாங்க. ஒரு முழம்."

அவர் பைக் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார், பைக்கே லேசாகச் சாய்ந்தது. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. உள்ளே யாரோ ஏதோ சொல்ல, அவர் மகள் சத்தமாகச் சிரித்தாள்.

"இதை உள்ள யாருக்கும் சொல்லிடாதேடா" என்றார். "என் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு நான் பாவம்னுதான் தெரியும். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அவங்க உன்னைத்தான் திட்டுறாங்க, எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னைக் கேட்டுக்கறேன்."

மனைவியிடம் சொல்வதற்காக அந்தப் படத்தை இத்தனை நாள் மனதில் வைத்திருந்தேன். என்றைக்காவது ஒருநாள் கேட்பாள், அன்றைக்குச் சொன்னால் எல்லாம் புரிந்துவிடும் என்று. அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

"சரிண்ணே" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மறுபடி இரண்டு பக்கமும் பார்த்து, தெருவைக் கடந்து உள்ளே போனார். மாலை அவர்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்தத் தடவை கேட்கவாவது கேட்டார்.